இதுக்கு என்ன பண்ணணும்?

2015 டிசம்பர் முதல் வாரம். கூவம் கரை மீறி நொளம்பூர்ப் பக்கம் வீடுகளுக்குள் வந்திருந்தது. அயனம்பாக்கம் ஏரி நிரம்பித் தளும்பியது. எங்கள் தெரு கொஞ்சம் மேடு என்பதால் கணுக்கால் அளவுத் தண்ணீரோடு போயிற்று. கரண்ட் இல்லை, போன் இல்லை, பால் இல்லை. எங்கள் சபைக்குப் பின்னால் தகர ஷீட் போட்ட இடம் ஒன்று உண்டு. அங்கே அண்டாவை ஏற்றி முதல் மூன்று நாள் தக்காளி சாதமும் எலுமிச்சை சாதமும் பொட்டலம் கட்டினோம். தண்ணீர் வடிந்ததும் பை கொடுக்க ஆரம்பித்தோம். அரிசி 5 கிலோ, துவரம்பருப்பு 1 கிலோ, எண்ணெய் பாக்கெட், மெழுகுவத்தி, தீப்பெட்டி, பிஸ்கட், ஒரு போர்வை.

பையில் இன்னொன்றும் இருந்தது. நவம்பரிலேயே அச்சடித்து வந்துவிட்ட கிறிஸ்துமஸ் ஆராதனை நோட்டீஸ். மழையில் விநியோகிக்க முடியாமல் கட்டுக்கட்டாகக் கிடந்தது. பைக்கு ஒன்று உள்ளே வைத்துவிடலாமே என்று யோசனை சொன்னது வேறு யாருமில்லை, நான்தான். காகிதம் வீணாகக்கூடாது என்கிற கணக்குப்பிள்ளை புத்தி. முப்பத்தோரு வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்தவன்.

கூவக்கரைக் குடிசைகளில் ஒன்றிலிருந்து வந்த பெண் அவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கூட ஒரு பையன். பையை வாங்கியவர் மற்றவர்களைப்போல நகர்ந்து போகவில்லை. ஓரமாக நின்று ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தார். நோட்டீஸையும் எடுத்து முழுக்கப் படித்தார். பிறகு திரும்பி வந்து கேட்டார்: "இதுக்கு என்ன பண்ணணும் சார்?"

எனக்கு முதலில் புரியவில்லை. "எதுக்கும்மா?"

"இந்தப் பைக்கு. சும்மாவா குடுப்பாங்க? போன தபா ஒருத்தர் குடுத்துட்டு ரேஷன் கார்டு நம்பர் எழுதிகினு போனாரு. நீங்க என்னா கேப்பீங்க?"

"ஒண்ணும் பண்ண வேணாம்மா," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "முடிஞ்சா ஞாயித்துக்கிழமை வாங்க. அவ்ளோதான்."

ஒன்றும் பண்ண வேண்டாம் என்பதும் ஞாயிற்றுக்கிழமை வாங்க என்பதும் ஒரே மூச்சில் வரக்கூடாத இரண்டு வாக்கியங்கள் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. விலை சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். பையனுக்கு எண்ணெய் வைத்துத் தலை வாரி, கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில். பாட்டுப் புத்தகம் கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். எங்கள் ஆட்களுக்கு ஒரே மகிழ்ச்சி. "பிரதர், உங்க வெள்ளத்து அறுவடை வந்திருக்கு" என்று ஒருவர் என் தோளைத் தட்டினார். மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்தார் அந்தப் பெண். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கடன் அடைக்க வந்தவர் மாதிரி கேட்டார்: "மூணு வாரம் வந்துட்டேன் சார். போதுமா?"

நான் என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில் இல்லை. ஏதோ உளறியிருப்பேன். அவர் முகம் நினைவிருக்கிறது. அதில் நக்கல் இல்லை, கோபம் இல்லை. நியாயமான ஒரு கணக்கை நியாயமாக முடிக்க வந்த முகம்.

*

நாங்கள் இதையெல்லாம் 'ஊழியம்' என்போம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இந்தச் சொல் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். மற்ற தமிழர்களுக்கு ஊழியர் என்றால் அரசு ஊழியர், வங்கி ஊழியர், சம்பளம் வாங்குகிறவர். புராட்டஸ்டண்ட் தமிழில் ஊழியக்காரர் என்றால் பிரசங்கம் செய்கிறவர். மேடையில் அவருக்குத்தான் குஷன் நாற்காலி. சபை விருந்தில் அவருக்குத்தான் முதல் இலை, முதல் கறித்துண்டு. ஊழியம் செய்கிறவருக்கு ஊழியம் செய்ய ஒரு கூட்டம். குறையாகச் சொல்லவில்லை. அந்த முதல் இலையை நானே பலமுறை ஓடி ஓடிப் போட்டிருக்கிறேன்.

ஆனால் தெற்கே அந்தச் சொல்லுக்கு இன்னொரு சரித்திரம் உண்டு. திருவிதாங்கூரில் ஊழியம் என்பது கூலி இல்லாத கட்டாய உழைப்பு. அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் சுமை தூக்க, விறகு கொண்டுவர, வழி செப்பனிட ஒடுக்கப்பட்ட சாதியாரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கர்னல் மன்றோ அங்கே ரெசிடெண்டாக இருந்த காலத்தில், கிறிஸ்தவர்களாகிவிட்டவர்களை ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊழியத்துக்குப் பிடிக்கக்கூடாது என்று சலுகை கிடைத்தது. லண்டன் மிஷன்காரர்கள் அதற்காக மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள். அந்த மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது ஊழியம் இல்லாத ஒரே நாள். நான் அந்தப் பெண்ணிடம் கேட்ட விலையோ ஞாயிற்றுக்கிழமை.

சொல்லின் பழைய அர்த்தம் முழுக்கப் போய்விடவில்லை என்றே நினைக்கிறேன். யாரோ ஒருவர் சம்பளமில்லாமல் உழைத்தே தீர வேண்டியிருக்கிறது. இயேசு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் கால் கழுவியது வீட்டு அடிமையின் வேலை. அன்று அந்தப் பாரத்தை எஜமான் தன்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் என்ன செய்கிறோமென்றால், பையைக் கொடுத்துவிட்டுப் பாரத்தை வாங்கிக்கொள்கிறவரின் தலைமேல் வைத்துவிடுகிறோம். நன்றியாக, வருகையாக, போட்டோவுக்கு முகம் காட்டுவதாக.

வள்ளுவர் ஒப்புரவறிதலுக்கு ஒரு அதிகாரம், ஈகைக்கு ஒரு அதிகாரம் என்று பிரித்து அடுத்தடுத்து வைத்திருக்கிறார். பொருட்பாலில் இரவச்சம் என்று தனியே ஓர் அதிகாரம். கையேந்துவதற்கு அஞ்சுவதும் ஓர் அறம் என்று தோன்றிய மனிதர் அவர். எங்கள் வேதபாடத்தில் கொடுக்கிறவனைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். வாங்குகிறவனின் கூச்சத்தைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை.

*

கமிட்டியில் நான் சொன்னேன், இனிமேல் நிவாரணப் பையில் நோட்டீஸ் வைக்க வேண்டாமென்று. காந்தி இதைத்தான் திரும்பத் திரும்ப மிஷனரிகளிடம் வாதாடினார்: ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் நடத்துங்கள், நல்லது, ஆனால் அதை மதமாற்றத்துக்கான வழியாக வைக்காதீர்கள். அந்த வாதம் எனக்குப் பாதி தெரியும். பாதி தெரிந்த தைரியத்தில் பேசினேன்.

எங்கள் சபையில் எண்பதைத் தாண்டிய மூப்பர் ஒருவர் இருந்தார். பூர்வீகம் திருவள்ளூர் பக்கம் ஒரு கிராமம். கமிட்டியில் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அன்றைக்குக் கண்ணைத் திறந்தார். "தம்பி, எங்க தாத்தா படியாளு. ஆண்டை வீட்டுத் தொழுவத்துல பொறந்தவரு. கஞ்சி ஊத்துனவன் எல்லா ஊர்லயும் இருந்தான். நல்லவன்தான். ஊத்திட்டு, குடிச்சிட்டுத் தள்ளி நில்லுன்னுவான். பக்கத்துல வந்து உக்காருன்னு சொன்னவன் ஒருத்தன்தான். அவன் கையில பைபிள் இருந்துச்சி. நோட்டீஸ் வேணாம்னு நீ சொல்லலாம். நீ ஏற்கெனவே உக்காந்துட்ட."

இதற்கு என்னிடம் பதிலில்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதையொட்டியும் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானவர்கள் சபைகளில் சேர்ந்தார்கள். 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்ற ஏளனம் இன்றைக்கும் பேச்சில் இருக்கிறது. ஏளனம் செய்கிறவர் யாரும் பஞ்சத்தில் இருந்ததில்லை. பசித்தவன் அரிசிக்காகப் போனான் என்றால் அதில் அவனுக்கு என்ன அவமானம்? அவனை அரிசிக்காக அலைய வைத்தவர்களுக்குத்தானே அவமானம்? தவிரவும், அரிசி தீர்ந்த பிறகும் அவர்கள் பேரன்மார் அங்கேயே இருந்தார்கள் என்றால், வேறு ஏதோ ஒன்றும் அங்கே கிடைத்திருக்கிறது. மூப்பர் சொன்ன அந்தப் பக்கத்து இடம்.

(எல்லாச் சபையிலும் பக்கத்து இடம் கிடைத்துவிடவும் இல்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்களில் ஒரு பகுதியினர் கொதித்தெழுந்தார்கள். வேதநாயக சாஸ்திரியாரே எதிர்ப்பக்கம் நின்றார். மூப்பருக்கும் இது தெரியும். அவர் நல்ல அனுபவத்தை மட்டும் சொன்னார், அவ்வளவுதான்.)

அவர் சொன்னதைச் சரிபார்க்கலாம் என்றுதான் செங்கல்பட்டு ஜில்லாவின் பழைய கதைகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அம்பத்தூர், பூந்தமல்லி, திருவள்ளூர், இந்த மேற்குப் பக்கம் முழுக்க அன்றைக்கு அந்த ஜில்லாதான். படித்தபோது கிடைத்தது மூப்பர் பக்கமும் நிற்காத, என் பக்கமும் நிற்காத ஒரு சமாசாரம்.

*

1880களிலும் 90களிலும் இந்தப் பகுதியில் இரண்டு மிஷனரிகள் வேலை செய்தார்கள். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ. திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி. வந்தது பிரசங்கம் செய்யத்தான். பறையர் சேரிகளிலிருந்து ஆட்கள் தேடிவந்தபோது மிஷன் வட்டாரத்தில் முதலில் எழுந்தது சந்தேகம்: இவர்கள் ஆத்துமாவுக்காக வருகிறார்களா, வயிற்றுக்காகவா? என் கமிட்டியில் நடந்த பேச்சு நூற்று முப்பது வருஷம் முன்பே நடந்து முடிந்திருக்கிறது.

வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதுதான் முக்கியம். கஞ்சி கேட்கவில்லை. அவர்களுக்கு இருந்த பிரச்சினை வேறு. உழுகிற நிலம் அவர்களுடையதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. குடிசை நிற்கிற மண்ணும் அவர்களுடையதில்லை என்று மிராசுதார் சொல்வார். ஆண்டையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினால், வேறு இடத்தில் கூலிக்குப் போனால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், 'குடிசையைப் பிரி' என்று ஒரே வரி. தரிசு நிலம் கேட்டு சர்க்காருக்கு மனுப்போட வழி இருந்தது. 'தர்காஸ்து' என்பார்கள். ஆனால் மிராசு கிராமத்தில் அந்த நிலத்தின்மேல் மிராசுதாருக்கு முன்னுரிமை. அவர் ஆட்சேபித்தால் முடிந்தது. தவிர, மனுவை எழுத வேண்டும், அது போய்ச்சேர வேண்டும், கர்ணமும் முன்சீபும் வழியில் மறிக்காமல் இருக்க வேண்டும்.

ஆண்ட்ரூவும் கௌடியும் செய்த ஊழியம் இதுதான்: மனுப்போட உதவினார்கள். மேலதிகாரிகளுக்கு எழுதினார்கள். பத்திரிகைகளில் எழுதினார்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்துத் தன் குறிப்பை அரசாங்கத்துக்கு அனுப்பினார். நிலமும் வீட்டுமனையும் தராமல் இவர்களை அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்க முடியாது என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைகளிலிருந்துதான் இன்றைக்கு நாம் பஞ்சமி நிலம் என்று சொல்வது தொடங்குகிறது. அந்த வரலாற்றைத் தோண்டி ரூபா விஸ்வநாத் ஆங்கிலத்தில் ஒரு தடித்த புத்தகம் எழுதியிருக்கிறார், 2014இல் வந்தது. பொறுமை இருக்கிறவர்கள் படிக்கலாம். மிஷனரிகளைத் தெய்வமாக்காத புத்தகம்.

தெய்வமாக்கத் தேவையும் இல்லை. ஆண்ட்ரூ, மிஷன் சார்பில் நிலம் பெற்றுக் கிறிஸ்தவர்களைக் குடியேற்றினார். மெல்ரோசாபுரம் அப்படி உண்டான ஊர். ஆண்டையிடமிருந்து விடுபட்டவர் துரையை அண்ணாந்து பார்க்கும் நிலை அங்கே வந்திருக்காது என்று யார் சொல்ல முடியும்? பஞ்சமி நிலங்களுமே பின்னால் கைமாறிக் கைமாறிப் போயின. காரணை நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள், ஜான் தாமஸ், ஏழுமலை. மனு எழுதி நூறு வருஷம் கழித்து.

இருந்தாலும் எனக்கு அந்தக் கதையில் ஒன்று பிடிபட்டது. கொடுக்க வந்தவர்கள் கொண்டுவந்த பை ஒன்று. வாங்க வந்தவர்கள் கேட்டது வேறொன்று. அந்த இரண்டு பேரும் கொஞ்ச தூரமாவது தங்கள் பையைக் கீழே வைத்துவிட்டு, கேட்டதைக் கேட்டபடி செய்ய முயன்றார்கள். நிலத்துக்கு மனுப்போட்ட ஆள் சபைக்கு வந்தானா வரவில்லையா என்பது அவர்களுக்கும் முக்கியம்தான். அதை மறைக்க வேண்டாம். ஆனால் பட்டா கைக்கு வந்த பிறகு அவன் வராமலும் இருக்கலாம். யாரும் அவன் குடிசையைப் பிரிக்க முடியாது. பக்கத்தில் உட்கார் என்று சொல்வது பெரிய விஷயம். எழுந்து போகவும் முடிகிற இடத்தில் உட்கார வைப்பது அதைவிடப் பெரிய விஷயம்.

*

இதையெல்லாம் படித்தது 2018இல். அதற்குள் நடக்க வேண்டியது நடந்து முடிந்திருந்தது.

அந்தப் பெண் 'போதுமா' என்று கேட்டுவிட்டுப் போன பிறகு ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருக்கும். ஒருநாள் மாலை சபை வாசலில் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் காகிதங்கள். கூவக்கரையைக் காலி பண்ணுகிறார்கள், கணக்கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு தருவார்களாம். அவர் வேலை பார்ப்பது முகப்பேரில் மூன்று வீடுகளில். பையன் இங்கே ஏழாவது. பெரும்பாக்கம் ஊரின் இன்னொரு கோடி, போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். "வூடு வேணாம்னு சொல்லல சார். இந்தப் பக்கமே எங்கனா குடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதணும். எங்க லைன்ல பதினாலு குடும்பம். எல்லாரும் கையெழுத்துப் போட்ருவோம். உங்க எழுத்து நல்லா இருக்கும்னு சொன்னாங்க. சர்ச்சு லெட்டர்ல எழுதிக் குடுத்தா மதிப்பாங்களாம்."

பாருங்கள், இந்த முறை அவர் 'இதுக்கு என்ன பண்ணணும்' என்று கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று சொன்னார். வாசகர்களில் பைபிள் தெரிந்தவர்களுக்கு எரிகோ ஊர்க் குருடன் கதை ஞாபகம் வரலாம். வழியோரம் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, உனக்கு நான் என்ன செய்ய வேண்டுமென்று இயேசு கேட்கிறார். குருடனுக்கு என்ன வேண்டுமென்று பார்த்த மாத்திரத்தில் தெரியாதா? சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டு வாத்தியாரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது அந்தக் கேள்விதான் அந்தக் கதையில் பாதி என்று தோன்றுகிறது. அவன் கண் தெரியாமலேயே இருந்துகொண்டு காசு கேட்டிருக்கலாம். சொல்ல வேண்டியவன் அவன்.

வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை செய்து விரல்களை நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கை சரியான ஒருவர் திரும்பி வந்து புகார் செய்தாராம், இந்தக் கை பிச்சைக்கு உதவவில்லை, யாரும் காசு போடுவதில்லை, பழைய நோயாளி என்பதால் வேலையும் யாரும் தருவதில்லை என்று. பிராண்ட் கோபித்துக்கொண்டிருக்கலாம். கோபிக்காமல் நவஜீவ நிலையம் என்று ஒரு குடியிருப்பை உண்டாக்கித் தச்சுவேலை, பொம்மை செய்வது என்று கைத்தொழில் கற்றுக்கொடுத்தார்கள். அறுவைசிகிச்சை டாக்டருக்குத் தெரிந்த ஊழியம். தொழில் நோயாளி சொல்லிக்கொடுத்த ஊழியம்.

நான் என்ன செய்தேன்? காகிதங்களை வாங்கிக்கொண்டு, கமிட்டியில் வைக்கிறேன் என்றேன். வைத்தேன். அரை மணி நேரம் பேச்சு. சபை லெட்டர்ஹெட்டில் சர்க்காருக்கு எதிராக எழுதினால் நாளைக்கு நம் கட்டிட அனுமதிக்குச் சிக்கல் வரும் என்றார் ஒருவர். அரசியல் நமக்கு வேண்டாம் என்றார் இன்னொருவர். அவர்கள் குடும்பங்களுக்காக விசேஷ ஜெபம் வைக்கலாம் என்று முடிவானது. இதே ஆட்கள்தான் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் அரிசி மூட்டை சுமந்தவர்கள். கோழைகள் என்று சொல்ல மாட்டேன். அரிசி சுமப்பது ஊழியம் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். மனு எழுதுவது ஊழியம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.

மூப்பர் அன்றைக்கு வரவில்லை, உடம்பு முடியாமல் இருந்தார். வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் தாத்தாவின் காலத்து மனுக்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்கவும் வாய்க்கவில்லை. அடுத்த வருஷம் போய்விட்டார்.

லெட்டர்ஹெட் இல்லாவிட்டால் என்ன? ஒரு வெள்ளைத்தாள் போதும். வாழ்நாள் முழுக்கக் கம்பெனிக்காக வரி ஆபீசுக்கும், மின்வாரியத்துக்கும், வங்கிக்கும் கடிதம் எழுதினவன் நான். பணிவாக ஆரம்பித்து, நடுவில் விதியைச் சுட்டி, கடைசியில் நகல் யார் யாருக்கு என்று போட்டு எழுதத் தெரியும். ஒரு மாலைப்பொழுது வேலை. எழுதவில்லை. கமிட்டி முடிவைச் சொல்ல சங்கடப்பட்டு, இரண்டு ஞாயிறு அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். காகிதங்களை மட்டும் ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினேன். மனு எழுதியிருந்தால் பலித்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. பலிக்காமலே போயிருக்கலாம். ஆனால் பதினாலு குடும்பம் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் எங்கோ ஒரு கோப்பில் இருந்திருக்கும். இப்போது அதுவும் இல்லை.

சில மாதங்கள் கழித்து அந்த வழியாகப் போனேன். கரையில் புல்டோசர் தடம், உடைந்த ஹாலோபிளாக், ஒரு அம்மிக்கல்.

*

எங்கள் மதத்தில் நல்ல சமாரியன் கதையைச் சொல்லாத ஊர் இல்லை. அடிபட்டுக் கிடந்தவனைக் கழுதையில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தவன். எல்லோரும் எண்ணெயும் கட்டும் போட்டதைச் சொல்வார்கள். எனக்குக் கணக்குப்பிள்ளை கண் என்பதால் காசுதான் படும். சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுக்கிறான். மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். கணக்கு முழுக்கச் சமாரியனுக்கும் சத்திரக்காரனுக்கும் நடுவில். படுத்திருப்பவனின் பெயரில் ஒரு பைசா பற்று எழுதப்படவில்லை. கண் விழிக்கும்போது தன்னைத் தூக்கிவந்தவன் யாரென்றே அவனுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். அவன் நன்றி சொன்னதாகக் கதையில் இல்லை. சமாரியனின் கோயிலுக்கு அவன் ஒரு ஞாயிறோ சனியோ போனதாகவும் இல்லை.

அந்தக் கதையில் வருகிறவன் மயங்கிக் கிடந்தான், அதனால் கேட்க வழியில்லை. எங்கள் பெண்மணி மயங்கிக் கிடக்கவில்லை. இரண்டு முறை வந்து இரண்டு கேள்வி கேட்டார், ஒருமுறை வந்து ஒரு வேலை சொன்னார். மூன்றையும் நான் தவறவிட்டேன்.

2019இல் ரிட்டயர் ஆனேன். அதிலிருந்து, கொரோனா காலத்து இடைவெளி போக, செவ்வாய், வியாழன் காலையில் தாலுக்கா ஆபீசுக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மனு எழுதுகிறேன். பட்டா, முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம், குடிநீர்க் குழாய். பத்து பதினைந்து பேர் வருவார்கள். ஆரம்பத்தில் இலவசமாக எழுதினேன். ஒரே வாரத்தில் அது வேலைக்காகாது என்று தெரிந்தது. இலவசம் என்றதும் ஆட்கள் கூனிவிடுகிறார்கள். நான் எழுதினதைப் படித்துக் காட்டினால் 'சரிங்கய்யா, சரிங்கய்யா' என்று தலையாட்டுகிறார்கள். தப்பு இருந்தாலும் சொல்வதில்லை. ஒரு பாட்டி கணவர் பெயரையே நான் மாற்றி எழுதியும் சும்மா இருந்துவிட்டார். அதற்குப் பிறகு 10 ரூபாய் வாங்க ஆரம்பித்தேன். பக்கத்து பெஞ்சுக்காரர் 50 வாங்குகிறார். அவருக்கு என்மேல் கோபம். அதுவும் நியாயம்தான், அவருக்கு அது பிழைப்பு. இலவசமாக எழுதியிருந்தால் இன்னும் கோபித்திருப்பார்.

சபையில் இதைச் சிலர் கேலியாகப் பேசுகிறார்கள், ஊழியத்துக்கு ரேட்டு போட்டவன் என்று. போன செவ்வாய் ஒரு அம்மா வந்தார், விதவை உதவித்தொகை நின்றுபோனதற்கு. எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். "ஆறு மாசம்னு எழுதியிருக்க. எட்டு மாசம் ஆச்சு. அடிச்சுட்டு எழுது," என்றார். அடித்தால் நன்றாக இருக்காது என்று வேறு தாள் எடுத்தேன். இரண்டாவது முறையும் படிக்கச் சொல்லிக் கேட்டார். முடிந்ததும் எவ்வளவு என்றார். 10 என்றேன்.

"ஒரு பேப்பர் எழுத பத்து ரூவாயா? நீதானே மொதல்ல தப்பா எழுதுன," என்று முடிச்சை அவிழ்த்து ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து பெஞ்சில் வைத்துவிட்டு, மனுவை மடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தார்.